லாரியின் தண்ணீர்: மருந்தும் அனுபானமும்

டீசல் லாரியின் குளிர்விப்பு அமைப்பில் வெறும் தண்ணீர் ஊற்றினால் போதுமா, அதனுடன் துருவையும் உப்புப் படிவையும் தடுக்கும் சேர்மானம் ஒன்றையும் கலக்க வேண்டுமா என்னும் கேள்வி, பனி உறையும் நாடுகளில் ஒரு விதமாகவும் காவிரியின் கடைமடையில் வேறொரு விதமாகவும் எழுகிறது. குளிர்நாடுகளில், இரவில் நிறுத்திவைத்த வண்டியின் தண்ணீர் உறைந்து விரிந்து சிலிண்டர் கட்டையையே பிளந்துவிடும் என்னும் அச்சம்தான் எத்திலீன் கிளைக்கால் எனப்படும் உறைதடுப்பியை ரேடியேட்டருக்குள் கொண்டுவந்தது. அரிப்பைத் தடுக்கும் உப்புகள் அதன் கூடவே கலந்து வந்தவை. மார்கழிப் பனியிலும் தண்ணீர் உறைவதற்கு வழியில்லாத திருக்கடையூரில் அந்த அச்சம் எழவில்லை என்பதால், அச்சத்தின் துணையாக வந்த நன்மையும் நெடுங்காலம் அவ்வூருக்கு வந்து சேரவில்லை. அங்கே ஒற்றை லாரியை வைத்துப் பிழைத்த குடும்பத்தில் வளர்ந்த கட்டுரையாளரின் நினைவில் தங்கியவற்றை, அவர் பிற்காலத்தில் கற்றவற்றோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருக்கடையூர் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி செல்லும் சாலையில், கடல் காற்று எட்டும் தொலைவில் அமைந்த ஊராகும். 1991 வரை தஞ்சாவூர் மாவட்டத்திலும், பின்னர் நாகப்பட்டினம் மாவட்டத்திலும், 2020 இறுதியிலிருந்து மயிலாடுதுறை மாவட்டத்திலும் அது இருந்துவருகிறது. அபிராமி சன்னதியில் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் செய்துகொள்ள வருவோரால் வெளியுலகம் அறிந்த ஊர் அது. ஆயினும் அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது முதன்மையாக நெல்லும் வைக்கோலும் சவுக்கும் ஏற்றும் ஊராகவே இருந்தது. மயிலாடுதுறையையும் தரங்கம்பாடியையும் இணைத்து 1926இல் போடப்பட்ட மீட்டர் பாதை இரயில் 1986இல் நிறுத்தப்பட்டபின், அந்தத் தடத்தின் சுமை முழுவதையும் சாலையே ஏற்றது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து மூட்டைகளை அரிசி ஆலைக்கு ஏற்றிச் செல்வது, வேதாரண்யத்து உப்பை வடக்கே கொண்டுபோவது, அறுவடை முடிந்ததும் வைக்கோலைப் பாலக்காடு வழியாகக் கேரளத்துக்கு அனுப்புவது ஆகிய மூன்றும் 1980களில் அவ்வூர் லாரிகளின் ஆண்டுச் சுழற்சியாக இருந்தன.

அவ்வூரில் தண்ணீர் ஒரே தன்மையுடையதன்று. ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டு, கடைமடை வாய்க்கால்களுக்குப் புதுப்புனல் வந்து சேரும் மாதங்களில் ஆற்றுநீர் உப்பற்றதாகவும் மென்மையாகவும் இருக்கும். அணை மூடிய கோடையில் மக்கள் நிலத்தடி நீரை நம்ப வேண்டியிருக்கும். கடலை நோக்கிக் கிழக்கே செல்லச் செல்ல அந்த நீரில் உப்புச் சுவை ஏறிக்கொண்டே போகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை மூன்றாவது வகை நீரைக் கூரை வழியே தரும். ஒரு கிணற்றுநீர் மற்றொரு கிணற்றுநீருக்கு ஈடாகாது என்னும் அறிவு அவ்வூரின் வழிபாட்டிலேயே நிலைபெற்றிருந்தது. அருகிலுள்ள திருக்கடவூர் மயானத்துக் கிணற்றிலிருந்து நாள்தோறும் தண்ணீர் கொண்டுவந்துதான் ஊரின் மூலவரான அமிர்தகடேசுவரருக்கு அபிஷேகம் செய்யப்படுகிறது. வழிபாட்டுக்குக் கிணறு பார்த்துத் தண்ணீர் எடுத்த ஊர், லாரிக்கு மட்டும் வழியில் எந்தக் குழாய் அகப்பட்டதோ அந்தக் குழாயில் பிடித்து ஊற்றியது.

குளிர்விப்பு அமைப்பு என்பது எஞ்சினுக்குள் சுழன்றுவரும் தண்ணீர்ச் சுற்றாகும். டீசல் எரிவதால் பிறக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சிய பங்கில் பெரும்பகுதியைத் தண்ணீர் சுமந்துசென்று ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கிறது. நடுத்தர லாரி ஒன்றில் இருபது முதல் முப்பது லிட்டர் வரை தண்ணீர் இருக்கும். வாட்டர் பம்ப் அதைத் தள்ளுகிறது. தெர்மோஸ்டாட் என்னும் வெப்ப அடைப்பான், எஞ்சின் உரிய சூட்டை அடையும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்துவைக்கிறது. ரேடியேட்டர் மூடி, உள்ளே அழுத்தத்தைக் காத்து, தண்ணீர் கொதிக்கும் நிலையை உயர்த்துகிறது; வளியழுத்தத்தைவிட அரைப்பங்கு கூடுதல் அழுத்தம் இருந்தாலே தண்ணீர் நூறு பாகையில் கொதிக்காமல் ஏறத்தாழ நூற்றுப் பதினோரு பாகை செல்சியசு வரை தாங்கும். வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீருக்கு நிகரான மலிவுப் பொருள் வேறில்லை. சரிபாதி கிளைக்கால் கலந்த நீர்கூடத் தனித் தண்ணீரைவிடக் குறைந்த வெப்பத்தையே சுமக்கும். ஆகவே, ‘தண்ணியைவிட எதுவும் நல்லாக் குளிர்விக்காது’ என்று அக்காலத்து ஓட்டுநர்கள் சொன்னது பிழையன்று. எந்தத் தண்ணீர் என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்லவில்லை, அவ்வளவே.

கட்டுரையாளரின் தந்தை 1984இல் பழைய லாரி ஒன்றை வாங்கினார். விடியற்காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதைப் போலவே லாரிக்கும் தண்ணீர் காட்டப்பட்டது; கிளீனர் பையன் தெருக்குழாயில் பிடித்த இரண்டு லிட்டர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாமல் வண்டி புறப்பட்டதில்லை. தினமும் இரண்டு லிட்டர் ஏன் குறைகிறது என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. மூடியின் ரப்பர் தேய்ந்து, அழுத்தம் நிற்காமல், தண்ணீர் ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது என்பது பின்னாளில்தான் விளங்கியது. ஆவியாகப் போவது நீர் மட்டுமே. அதில் கரைந்திருந்த உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. லிட்டருக்கு ஐந்நூறு மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீரை நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் ஊற்றி, அது ஆவியாகிக்கொண்டே இருந்தால், நாளுக்கு ஒரு கிராம் உப்பு எஞ்சினுக்குள் சேரும். முந்நூறு நாள் ஓட்டத்தில் அது முந்நூறு கிராம் ஆகிறது. வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் பூக்கும் அதே உப்புதான் அது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறும்போது சிதைந்து கரையாத சுண்ணாம்புக் கார்பனேட்டாக மாறி, மிகச் சூடான இடமாகப் பார்த்து, அதாவது சிலிண்டரின் வெளிச்சுவரிலும் ஹெட்டின் உள்வழிகளிலும், படிந்துகொள்கிறது.

அப்படிவு வெப்பத்தைக் கடத்துவதில் வார்ப்பிரும்புக்கு ஏறத்தாழ ஐம்பது மடங்கு பின்தங்கியது. எனவே ஒன்றரை மில்லிமீட்டர் படிவு சேர்ந்த சிலிண்டர்ச் சுவர், மூன்று அங்குலக் கனமுள்ள இரும்புச் சுவரைப் போல வெப்பத்தை வெளியே விடாமல் மறிக்கும். காவிரிப் படுகையின் சமவெளியில் இந்நோய் வெளியே தெரியாது; மேடில்லாத சாலையில் எஞ்சின் முழுவலுவோடு உழைக்க நேர்வது குறைவு. வைக்கோல் ஏற்றிக்கொண்டு பாலக்காட்டைக் கடந்து குதிரான் ஏற்றத்தில் ஏறும்போதுதான் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொடும். 1987இல் ஒரு முறை அவ்வேற்றத்தில் வண்டியை ஓரங்கட்டி, ஈரச்சாக்கை எஞ்சின்மேல் போட்டுவிட்டு, அது ஆறும்வரை தந்தையும் கிளீனரும் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்த செய்தி வீட்டில் பலமுறை சொல்லப்பட்டது. திரும்பி வந்ததும் ரேடியேட்டரை மயிலாடுதுறைக்குக் கொண்டுபோய், மேல்தொட்டியின் ஈயப் பற்றைப் பிரித்து, குழாய் குழாயாகக் கம்பி விட்டுக் குத்தியபோது, சாம்பல்நிற உப்புக் கட்டி ஒரு சட்டி நிறைய விழுந்தது. கம்பி விட்டது ரேடியேட்டருக்கு மட்டுமே. கம்பி நுழைய முடியாத எஞ்சின் கட்டைக்குள் படிந்திருந்தது அப்படியே இருந்தது.

அக்காலப் பட்டறைகளில் ரேடியேட்டருக்குள் எதுவும் சேர்க்கப்படவில்லை என்று கருதுவது தவறாகும், பலவும் சேர்க்கப்பட்டன. சிறு ஒழுக்கு இருந்தால் மஞ்சள்தூளைப் போடுவார்கள். அது தண்ணீரில் ஊறி, ஓட்டையைத் தேடிச் சென்று அடைக்கும், கூடவே ரேடியேட்டரின் நுண்குழாய்களில் சிலவற்றையும் அடைத்துவிடும். கடைசல் பட்டறைகளில் வெட்டுளிக்குக் குளிர்ச்சி தரும் கட்டிங் ஆயிலைச் சிறிது ஊற்றுவோரும் இருந்தனர். அது இரும்பின்மேல் மெல்லிய எண்ணெய்த் திரையாகப் பரவித் துருவைத் தடுத்தது உண்மைதான். அதே திரை வெப்பத்தையும் தடுத்ததோடு, ரப்பர் ஓஸ் பைப்புகளையும் ஊதவைத்தது. சூடாகிறது என்பதற்காகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது மூன்றாவது வைத்தியமாக இருந்தது. அதனால் முள் இறங்கியது. ஆனால் எஞ்சின் உரிய சூட்டை எட்டாமலே ஓடியதால் டீசல் முழுமையாக எரியாமல் புகைந்தது, சிலிண்டரின் தேய்வும் கூடியது. இவை அனைத்தும் நோயைக் கண்டறியாமல் குறியை மட்டும் அமுக்கிய மருந்துகளே.

அதே காலத்தில் அதே மாவட்டத்தின் வழியாக ஓடிய இரயில்கள் இச்சிக்கலை வேறு விதமாகக் கையாண்டன. நீராவி எஞ்சினின் கொதிகலனில் உப்புப் படிந்தால் குழாய் வெடிக்கும் என்பதால், எந்த ஊரில் தண்ணீர் பிடிக்கலாம் என்பதை இரயில்வே நீரைச் சோதித்தே முடிவு செய்தது. டீசல் எஞ்சின்கள் வந்தபின், டீசல் பணிமனைகளில் உப்பு நீக்கிய நீரை உண்டாக்கும் அமைப்புகள் நிறுவப்பட்டு, அந்த நீரில் மட்டுமே அரிப்புத் தடுப்பான் அளந்து கலக்கப்பட்டது. தொடக்கக் காலத்தில் உலகெங்கும் அத்தடுப்பானாகக் குரோமேட் உப்புகள் பயன்பட்டன. அவற்றின் நச்சுத்தன்மை உணரப்பட்டபின் போரேட்டும் நைட்ரைட்டும் கலந்த உப்புகள் அவ்விடத்தைப் பிடித்தன. குரோமியக் கழிவு மண்ணையும் நீரையும் என்ன செய்யும் என்பதை ராணிப்பேட்டையில் கிடக்கும் கழிவுக் குவியலே தமிழகத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இரயில்வேயின் முறையில் கற்க வேண்டியது மருந்தின் பெயரைவிட அதன் வரிசையாகும்: தண்ணீரைச் சீராக்குவது முதலிலும், மருந்து அதற்குப் பின்னும் வந்தன.

சித்த வைத்தியத்தில் அனுபானம் என்று ஒரு சொல் உண்டு. மருந்தை எதனுடன் குழைத்து உட்கொள்ள வேண்டுமோ அதற்கு, அதாவது தேனுக்கோ இஞ்சிச் சாற்றுக்கோ பாலுக்கோ, அனுபானம் என்று பெயர். அனுபானம் மாறினால் மருந்தின் வேலையும் மாறும் என்பது வைத்தியரின் முதற்பாடம். லாரிக்குச் சேர்மானம் மருந்து என்றால் தண்ணீரே அனுபானம். எஞ்சின் தயாரிப்பாளர்கள் பரவலாகப் பின்பற்றும் அளவுகளின்படி, குளிர்விப்பு நீரில் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடும், 100க்கு மேல் சல்பேட்டும், 170க்கு மேல் கடினத்தன்மையும் இருக்கலாகாது. இந்தியக் குடிநீர்த் தரமோ குளோரைடை 250 வரையிலும், கடினத்தன்மையை 200 வரையிலும் விரும்பத்தக்கதாக ஏற்று, வேறு நீர் கிடைக்காத இடத்தில் முறையே 1000, 600 வரை பொறுத்துக்கொள்கிறது. மனிதர் குடிக்கும் தண்ணீர் எல்லாம் எஞ்சின் குடிக்கும் தண்ணீர் ஆகாது என்பது இவ்விரு அளவுகளை அருகருகே வைத்தாலே புலப்படும். குளோரைடு மிகுந்த நீரில் எவ்வளவு உயர்ந்த தடுப்பானைக் கலந்தாலும், குளோரைடு அயனிகள் காப்புப் படலத்தைத் துளைத்துப் புள்ளிப் புள்ளியாக அரிக்கும். சுண்ணாம்பு மிகுந்த நீரில் தடுப்பான் உப்புகளில் சில சுண்ணாம்போடு சேர்ந்து வண்டலாக விழுந்து வீணாகும்.

மருந்து தவிர்க்க இயலாதது ஆகும் இடமும் ஒன்று உண்டு. அதைக் குடும்பம் அறிந்தது இரண்டாவது லாரியால்தான். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் உருளைச் சுவருக்கு லைனர் என்று பெயர். எஞ்சின் கட்டையின் துளைக்குள் இறுக்கமாகச் செருகப்பட்டு, தண்ணீரை நேரடியாகத் தொடாத லைனர் உலர் லைனர் எனப்படும். வெளிப்புறம் முழுவதும் தண்ணீரில் நின்று, மேலும் கீழும் வளையங்களால் மட்டும் அடைக்கப்பட்டிருப்பது ஈர லைனர் ஆகும். ஈர லைனரைப் பட்டறையிலேயே கழற்றி மாற்றிவிடலாம் என்பதும், வெப்பம் அதிலிருந்து விரைவாக நீருக்குப் போகும் என்பதும் அதன் சிறப்புகள். ஆனால் டீசல் எரியும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் ஒரு பக்கமாகச் சாய்ந்து அறைவதால், மெல்லிய ஈர லைனர் வெண்கல மணியைப் போல அதிர்கிறது. சுவர் உள்நோக்கி விலகும் கணத்தில் அதை ஒட்டிய நீரில் அழுத்தம் திடீரெனச் சரிந்து நுண்ணிய ஆவிக் குமிழிகள் தோன்றுகின்றன. சுவர் திரும்பி வரும்போது அவை நொறுங்கி அமிழ்கின்றன. இவ்வாறு குமிழி தோன்றி நொறுங்குவதைக் குமிழியரிப்பு எனலாம். கப்பல்களின் உந்துவிசிறிகள் தேய்வதை ஒட்டி எழுந்த இச்சிக்கலைக் கணக்கிட்ட ஆங்கில இயற்பியலர் ரேலி, நொறுங்கும் குமிழியின் நடுவே எழும் அழுத்தம் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதை 1917இல் காட்டினார். மணல் துகளினும் சிறிய குமிழி ஒவ்வொன்றும் ஊசிமுனைச் சம்மட்டியாக இரும்பைக் கொத்துகிறது.

1998இல் வாங்கிய இரண்டாவது லாரி ஈர லைனர் கொண்டது. பழைய வழக்கப்படியே தண்ணீர் ஊற்றப்பட்டது. கடையில் தனியாக விற்ற பச்சை நீர் ஒரு புட்டி, வண்ணத்துக்காகக் கலந்ததுபோல, ஆண்டுக்கு ஒரு முறை சேர்க்கப்பட்டது. மூன்றாம் ஆண்டில் ஆயில் அளவுகோலை உருவிப் பார்த்தபோது எண்ணெய் கடைந்த மோர்போல வெளுத்திருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிப்பதே பட்டறை மரபு. எனவே ஹெட்டை இறக்கி, பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்தி, புதிய கேஸ்கெட் போட்டு மூடினார்கள். பத்து நாளில் எண்ணெய் மீண்டும் வெளுத்தது. ஊரில் வயதில் மூத்த மேஸ்திரி ஒருவர் அடியிலிருந்து எண்ணெய்த் தொட்டியை இறக்கிவிட்டு, குளிர்விப்பு அமைப்புக்குள் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நான்காம் லைனரின் நடுச்சுவரில் முத்து முத்தாகத் தண்ணீர் துளிர்த்தது. அந்த லைனரை உருவி வெளியே எடுத்தபோது அதன் உள்பக்கம் கண்ணாடிபோல் இருந்தது. வெளிப்பக்கத்தில், பிஸ்டன் அறையும் திசையில் மட்டும், மேலிருந்து கீழாக ஒரு பட்டையில் ஊசி குத்திய துளைகள் நெருங்கிக் கிடந்தன. கரையான் அரித்த நிலைச்சட்டத்தைத் தட்டிப் பார்ப்பவர்போல மேஸ்திரி அதைச் சுத்தியால் மெல்லத் தட்டிக் காட்டியது கட்டுரையாளருக்கு இன்றும் நினைவிருக்கிறது. வார்ப்பு மட்டமானது, போலி லைனர் என்றெல்லாம் அங்கே பேசப்பட்டது. துளைகள் ஒரு பக்கம் மட்டும் இருந்தது ஏன் என்ற கேள்விக்கு அப்பேச்சில் விடை இல்லை.

இத்தகைய அரிப்பைத் தடுப்பதற்காகவே கனரக டீசல் எஞ்சின்களுக்கு எனத் தனிச் சேர்மானம் உருவானது. கம்மின்ஸ், கேட்டர்பில்லர் போன்ற நிறுவனங்கள் அதைக் குளிர்விப்பு நீரில் இடைவிடாது காத்துவர வேண்டிய பொருளாகத் தம் கையேடுகளில் நெடுங்காலமாகச் சொல்லிவந்தன. அதன் உயிர்ப்பொருள் நைட்ரைட்டு. சில வகைகளில் மாலிப்டேட்டும் உடன் இருக்கும். நைட்ரைட்டு இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடுப் படலத்தை உண்டாக்குகிறது. நொறுங்கும் குமிழி அப்படலத்தைக் கொத்துகிறது, இரும்பைக் கொத்துவதில்லை. கிழிந்த படலத்தை நீரில் மிஞ்சியிருக்கும் நைட்ரைட்டு உடனே திரும்ப நெய்துவிடுகிறது. போரடிக்கும் களத்தைச் சாணம் மெழுகிவைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. மாட்டின் குளம்பு மெழுக்கைத் தேய்க்கும், மண்ணைத் தோண்டாது. ஆனால் ஒரு முறை மெழுகிய களம் ஆண்டுதோறும் அப்படியே இருக்கும் என்று எந்த உழவரும் நம்பமாட்டார். படலத்தைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க நைட்ரைட்டு செலவாகிறது. எனவே இச்சேர்மானத்தை ஒரு முறை ஊற்றி மறந்துவிட இயலாது; அளந்து பார்த்து ஈடுசெய்துவர வேண்டும்.

அளவு என்பது இங்கே இரு பக்கமும் கூருடையது. நைட்ரைட்டு குறைந்தால் படலம் முழுமையாக மூடாமல் அங்கங்கே திட்டாக இரும்பு வெளித்தெரியும். அரிப்பின் வேகம் முழுவதும் அச்சிறு திட்டுகளில் குவிவதால், அரைகுறை மருந்து சில சமயம் மருந்தே இல்லாத நிலையைவிட விரைவாகத் துளையிடும். ஆண்டுக்கு ஒரு புட்டி என்று கண்ணளவில் ஊற்றிய பச்சை நீர் அந்த லாரியில் செய்தது இதுவாகவே இருக்கலாம். மறுபுறம், லைனர் செலவில் மனம் நொந்த தந்தை அடுத்த முறை இருமடங்கு ஊற்றினார். ஆறு மாதத்தில் வாட்டர் பம்பின் அடைப்பில் வெள்ளைப் பொருக்கு கட்டி ஒழுகத் தொடங்கியது. பித்தளை ரேடியேட்டரின் ஈயப் பற்றுகளிலும் வெண்மையாகப் பூத்தது. மிகுந்த உப்பு கரைய இடமின்றி வெளியே விழுவதும், மிகுந்த நைட்ரைட்டு ஈயப் பற்றைத் தின்பதும் இதன் காரணங்களாகும். அமிர்தக் குடமே மூலவரானதாகச் சொல்லப்படும் ஊரில், அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதைத் தந்தை ஒரு பம்பின் விலை கொடுத்து நினைவுபடுத்திக்கொண்டார்.

அப்போது மேஸ்திரி சொன்ன சொல்லைக் குடும்பம் இன்றும் சொல்லிக்கொள்கிறது: ‘தண்ணியிலயே வியாதி இருக்கு அண்ணே, மருந்து என்ன பண்ணும்?’ அவர் வேதியியல் படித்தவரல்லர். தம் பட்டறையின் தகரக் கூரையிலிருந்து முதல் இரண்டு மழையின் நீரை ஓடவிட்டு, அதன்பின் விழும் நீரை மூடிய பீப்பாயில் பிடித்துவைத்து, கோடை முழுவதும் தம்மிடம் வரும் வண்டிகளுக்கு அதையே ஊற்றிவந்தார். மழைநீரில் சுண்ணாம்பு ஏறத்தாழ இல்லை என்பதால் அந்த வண்டிகளில் படிவு குறைந்திருந்தது. அவர் அதற்குக் கூறிய விளக்கம், மழைத்தண்ணீரில் பருப்பு வேகும் என்பது மட்டுமே. கடினநீரில் பருப்பு வேகாது என்னும் அடுக்களை அறிவு, எஞ்சினுக்கும் அப்படியே பொருந்தியது. ஆனால் மழைநீர் படிவைத்தான் தடுக்கும். உப்பே இல்லாத நீரும் ஆக்சிசன் கலந்திருப்பதால் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும், குமிழியையும் தடுக்காது. நல்ல அனுபானம் மட்டும் நோயைத் தீர்ப்பதில்லை என்பதால், மேஸ்திரியின் பீப்பாயும் பாதி விடையாகவே நின்றது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தரங்கம்பாடிக் கரையை அடித்தபின், தண்ணீரைப் பற்றிய இப்பாடம் கொடிய வடிவில் திரும்பி வந்தது. கடலோரக் கிணறுகளிலும் குளங்களிலும் கடல்நீர் புகுந்துவிட்டது. கடல்நீரின் குளோரைடு லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம். நூறு பங்கு நன்னீரில் ஒரு பங்கு கலந்தாலும் எஞ்சின் தாங்கும் எல்லையைப் போல நான்கைந்து மடங்கு ஆகிவிடும். அந்த வாரங்களில் கரைக்கு அரிசியும் துணியும் ஏற்றிச் சென்ற வண்டிகளுள் குடும்பத்தின் லாரியும் ஒன்று. குடிக்க நல்ல தண்ணீர் கேட்டு மக்கள் நின்றிருந்த இடத்தில், கேனில் இருந்த நன்னீரை வண்டிக்கு ஊற்ற ஓட்டுநருக்கு மனம் வரவில்லை. அருகிலிருந்த கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றினார். தந்தை அதைக் குறையாகச் சொன்னதில்லை. ஊர் திரும்பியதும் முழு நீரையும் வடித்து, மூன்று முறை மழைநீரால் அலசி, புதிதாகக் கலந்து ஊற்றினார். ஆயினும் ஓராண்டு முடிவதற்குள் ஹெட்டின் நீர்வழி ஓரங்களில் புள்ளி அரிப்பு தெரிந்தது.

அதன்பின் வீட்டில் ஒரு வழக்கம் உண்டானது. டீசல் செலவு எழுதும் கணக்கு நோட்டில் தந்தை ஒரு கட்டத்தைக் கூட்டி, அன்று ஊற்றிய தண்ணீர் எவ்வளவு, அது மழையா ஆறா குழாயா என்று குறிக்கத் தொடங்கினார். குறையும் தண்ணீரைக் கணக்கெழுதியதால் ஒழுக்கு வெளிப்பட்டது. மூடியும் தெர்மோஸ்டாட்டும் மீண்டும் புதிதாக இடம்பெற்றன. மூடி சரியானது குமிழியரிப்புக்கும் தடையாயிற்று. அமைப்பில் அழுத்தம் நிற்கும்போது ஆவிக் குமிழி எளிதில் பிறக்காது. நீரில் தோய்த்தால் நிறம் மாறி நைட்ரைட்டின் அளவைக் காட்டும் சோதனைத்தாள் கிடைக்கத் தொடங்கியபோது, நோட்டில் இன்னொரு கட்டமும் சேர்ந்தது. உறைபனி இல்லாத நாட்டில் கிளைக்கால் இல்லாமலே, தூய நீரில் இச்சேர்மானத்தைச் சற்றுக் கூடுதல் செறிவில் கலந்து ஓட்டலாம் என்பதைக் கேட்டர்பில்லர் கையேடுகள் ஏற்கின்றன: கிளைக்கால் கலந்த நீருக்கு 3 முதல் 6 விழுக்காடு என்றால், தனி நீருக்கு 6 முதல் 8 விழுக்காடு. வாய்க்கால் கரையில் நீரை வடித்துவிடும் பழக்கமுள்ள ஊருக்கு இது கவனிக்கத்தக்கது. எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், தேங்கிய நீரைக் குடிக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் நஞ்சாகும். நைட்ரைட்டும் குடிநீரில் கலக்கத்தக்கதன்று. எனவே எதை வடித்தாலும் பாத்திரத்தில் பிடித்து அப்புறப்படுத்துவதே முறையாகும்.

இன்று அந்த லாரி இல்லை. குடும்பத்தின் அடுத்த தலைமுறை ஓட்டுவது 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிக்கு உட்பட்ட வண்டி. அதன் குளிர்விப்பு நீர் கலந்தே விற்கப்படுகிறது. கரிம அமிலங்களை அடிப்படையாகக் கொண்ட அவ்வகை நீர், நைட்ரைட்டைப் போல விரைவில் செலவாகாமல் நெடுங்காலம் நிற்கும். அதில் பழைய சேர்மானத்தைத் தனியாக ஊற்றுவது தேவையற்றது. பலவற்றில் கேடும் ஆகும். சிவப்பு, பச்சை, நீலம் என்னும் நிறங்கள் சாயம் மட்டுமே, வகையைக் காட்டும் உறுதிமொழி அல்ல என்பதால், புட்டியின் நிறத்தைப் பார்க்காமல் அதன் மேல் எழுதிய தரத்தையும் எஞ்சின் கையேட்டையும் ஒத்துப் பார்த்தே ஊற்ற வேண்டும். பழைய எஞ்சினை வைத்திருப்பவருக்கோ கேள்விகள் மூன்று: லைனர் ஈரமா உலர்ந்ததா, தண்ணீர் எங்கிருந்து வந்தது, கடைசியாக அளந்தது எப்போது. ஈர லைனர் என்றால் சேர்மானம் இல்லாமல் ஓட்டுவது லைனரைக் கடனாக ஓட்டுவதாகும். உலர் லைனர் என்றால் எளிய துருத்தடுப்பும் மென்னீரும் போதும். இரண்டாம் கேள்விக்கு விடை தெரியாதவர் முதற்கேள்வியோடு மருந்துக்கடைக்குப் போவதில் பயனில்லை.

தந்தையின் நோட்டுகளில் எஞ்சியவை கட்டுரையாளரிடம் உள்ளன. முதல் லாரியின் காலத்து நோட்டுகளில் டீசல், ஆயில், டயர், சுங்கம், படி எல்லாம் காசு பிசகாமல் எழுதப்பட்டிருக்க, தண்ணீருக்கு ஒரு வரிகூட இல்லை. விலையில்லாத பொருளுக்குக் கணக்கில் இடமில்லை என்பது அக்காலத்து முறை. பிந்திய நோட்டுகளில் தேதிக்கு நேராக ‘மழை 1½’, ‘ஆறு 2’, ‘குழாய் இல்லை’ என்று பென்சில் குறிப்புகள் வருகின்றன. வண்டியை விற்ற மாதத்தின் பக்கத்தில் தண்ணீர்க் கட்டத்தில் தொடர்ந்து இருபத்தாறு நாளுக்கு ஒரு கோடு மட்டும் இழுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாள்களில் ஒரு சொட்டும் ஊற்ற வேண்டியிருக்கவில்லை என்பதே அதன் பொருள்.